துப்பாக்கியைத் தொடாதவர்கள் தொடங்கிய ஆஸ்பத்திரி

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. சில வருஷங்களுக்கு முன்னால் மத்திய இந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் ஓர் அறை. திறந்தால் தார்ப்பாய் போர்த்திய சாமான்கள். எல்லாம் வெளிநாட்டுச் சபைகள் ஆசையாக அனுப்பியவை. ஒரு மயக்க மருந்து மெஷின், அதற்கு ஸ்பேர் கிடைக்காது. ஒரு ஸ்டெரிலைசர், அது 110 வோல்ட், நம் ஊர்க் கரண்ட்டில் நேரடியாக ஓடாது. சுவரில் நன்கொடையாளர் பெயரோடு ஒரு பித்தளைத் தகடு. தகட்டைத் துடைக்க ஆள் இருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் போடத்தான் காசு இருக்காது.

அதனால் "கடல் கடந்து ஒரு பழைய ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்கிறோம், கை கொடுங்கள்" என்று யாராவது செய்தி அனுப்பினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். போன வாரமும் ஒன்று வந்தது, கட்டட வரைபடத்தோடு. அழகான வரைபடம்.

என் சந்தேகத்தைக் கொஞ்சம் அசைத்தவர்கள் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவச் சபையினர். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் வேலூர் சிஎம்சியில் படித்தவர், சபை மூலம் சீட்டு வாங்கியதால் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டிய கட்டாய வருஷங்களைச் சத்தீஸ்கரின் தம்தரியில் கழித்தவர். அவர் சொல்லித்தான் மென்னோனைட் என்ற பெயரையே கேட்டேன். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியேறிய மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக்காரரின் பெயரில் வந்த சபை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்து தானே கேட்டு எடுக்க வேண்டும். ஆயுதம் தூக்கக் கூடாது. 1890களின் கடைசியில் இந்தியாவில் பஞ்சம் வாட்டியபோது அமெரிக்காவிலிருந்து தானியமும் பணமும் அனுப்பினார்கள், 1899இல் ஆட்களே தம்தரிக்கு வந்து இறங்கினார்கள்.

தம்தரியில் வேலை செய்த ஜார்ஜ் ட்ராயர் என்ற டாக்டர் பிறகு போய்ச் சேர்ந்த இடம் கரீபியன் கடலில் இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோ. நான் சொல்ல வந்த கதை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை. மனசாட்சிப்படி போருக்குப் போகமாட்டோம் என்றவர்களுக்குச் சம்பளமில்லாத பொதுப்பணி என்று ஏற்பாடு. காடு காப்பது, மண்ணரிப்பைத் தடுப்பது, மனநல மருத்துவமனைகளில் வேலை. 1941 முதல் 1947 வரை சுமார் 12,000 பேர் இப்படி உழைத்தார்கள், சாப்பாட்டுச் செலவைப் பெரும்பாலும் அவரவர் சபைகளே ஏற்றன. இவர்களை வெளிநாட்டு நிவாரணத்துக்கு அனுப்ப 1943இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது. துப்பாக்கி தூக்காதவன் வெளிநாடு போய் நல்ல பெயர் வாங்குவதா என்ற எரிச்சல் அதன் பின்னால் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. கடல் தாண்டினாலும் கணக்குப்படி வெளிநாடு இல்லை! அந்தச் சந்தில் நுழைந்து லா பிளாட்டா என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு மென்னோனைட் இளைஞர்கள் போனார்கள். புகையிலை விளையும் ஊர், கூலி ஜனங்கள். 1944இல் அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கியது.

போர் முடிந்ததும் மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 1957இல் ஆஸ்பத்திரியைப் பக்கத்திலிருந்த ஐபோனிட்டோ ஊருக்குப் பெரிதாக்கி மாற்றினார்கள். இன்று காயே, காகுவாஸ், குவாயாமா என்று பல ஊர்களில் மென்னோனைட் பெயரில் ஆஸ்பத்திரிகள், சொந்தமாக ஒரு காப்பீட்டுத் திட்டம் வேறு. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வளர்ச்சியின் அளவு இல்லை. இதை நடத்துவது புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள். நிர்வாகம், கணக்கு, எந்த மெஷினை வாங்குவது, எதை வேண்டாம் என்பது எல்லாம் அங்கேயே முடிவாகிறது. அடுத்த ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் கையில் செக் புத்தகமும் இருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சரி, ஒன்றை மறைக்கக் கூடாது. ஐபோனிட்டோவையும் தம்தரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. புவேர்ட்டோ ரிக்கோவில் மூத்தவர்களின் வைத்தியத்துக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் பணம் வருகிறது. நாலு ஏக்கர் நெல்லை நம்பியிருக்கிற நோயாளியிடம் கட்டணம் வாங்கி நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு அந்த வசதி எங்கே? "உள்ளூர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்" என்று சொல்லி, சம்பளத்துக்கு வழி சொல்லாமல் கை கழுவுவதும் நடக்கிற காரியம்தான். அதற்குப் பெயர் ஒப்படைப்பு என்றால் எனக்குக் கோபம் வரும்.

தென் அமெரிக்காவில் இருக்கிற பராகுவேயின் கதை வேறு மாதிரி. 1921இல் அந்த நாடு மென்னோனைட்டுகளுக்கு ராணுவ விலக்கு தந்து சட்டம் போட்டது. 1927இல் கனடாவிலிருந்தும், 1930இல் ரஷ்யாவிலிருந்து தப்பியும் வந்தவர்கள் சாக்கோ வறண்ட காட்டில் குடியேறினார்கள். 1951இல், இடம் கொடுத்த நாட்டுக்கு நன்றியாகத் தொழுநோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். தலைநகர் அசுன்சியோனிலிருந்து 81ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் அதற்குப் பெயரே 'கிலோமீட்டர் 81'. நோயாளியை ஊரைவிட்டுப் பிரித்து அடைக்காமல் வீட்டில் இருக்க வைத்தே மருந்து கொடுப்பது என்று அங்கே முடிவெடுத்தார்கள். குடியிருப்புகளின் இளைஞர்கள் முறை வைத்துப் போய் அங்கே வேலை செய்தார்கள். பட்ட கடனைத் திருப்பித் தருகிறவன் வேலை பார்க்கிற விதமே தனி. தானம் கொடுக்க வந்தவனிடம் அது சுலபத்தில் வராது.

மதம் பரப்பத்தானே என்று கேட்பவர்கள் கேட்பார்கள். ஆமாம், லா பிளாட்டாவில் சபையும் வளர்ந்தது, அவர்கள் அதை ஒளித்ததும் இல்லை. நான் சபைக்காரன் இல்லை. ஆனால் பிரசவ வலியோடு வந்தவளை நள்ளிரவில் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. மற்றதைப் பகலில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் செய்தி அனுப்பிய நண்பரிடம் கட்டடம் முடிந்த மூன்றாவது வருஷத்தில் கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். விசாரிக்கட்டும்.

அந்தத் தார்ப்பாய் அறையிலிருந்து ஒன்றே ஒன்றை நான் உயிர்ப்பித்துவிட்டு வந்தேன், அந்த 110 வோல்ட் ஸ்டெரிலைசரை. வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்க அங்கிருந்த நர்ஸ்கள் தங்கள் சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். போன வருஷம் அவர்களில் ஒருவர் போன் செய்தார். ஃப்யூஸ் போய்விட்டதாம், என்ன அளவு போடுவது என்று கேட்டார்.