கரையை மொட்டையடிக்காதீர்கள்

சித்திரை பிறந்தாலே டெல்டாவில் பொக்லைன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும். அந்த அவசரம் நியாயமானது. வண்டி வந்ததுதான் வந்தது என்று பட்டா நிலத்துக் குளத்தையும் காட்டிவிடுகிறோம். மணிக்கணக்கில் வாடகை ஏறுவதால், எதைச் செடி என்று பார்ப்பது, எதைப் புதர் என்று பார்ப்பது? இரு கரையையும் வேரோடு வழித்துவிட்டு வண்டி போய்விடுகிறது. வாரிய சேற்றையும் கரை விளிம்பிலேயே கொட்டுகிறார்கள். ஐப்பசி அடைமழையில் அந்தச் சேறும் சேர்ந்து குளத்துக்குள் இறங்குகிறது. காசு கொடுத்துக் குளத்தைத் தூர்க்கும் வேலை இது. எனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அழிக்க வேண்டியவை நிச்சயம் இருக்கின்றன. நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டித் தண்ணீரில் எறிவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. மிதந்து போகும் ஒவ்வொரு துண்டும் ஒதுங்கிய இடத்தில் வேர் பிடித்துவிடும். வெட்டியதை மேட்டில் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும். சீமைக் கருவேலத்தைத் தரைக்கு மேல் வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும், அதற்குப் பொக்லைன் உதவும். ஆகாயத்தாமரையைப் பூத்து விதை விடுவதற்கு முன்பே கரையேற்றி, குளத்தை விட்டுத் தள்ளியிருக்கும் எருக்குழியில் போடலாம்.

ஆனால் நாணல், கோரை, தாழை, நொச்சி, வெட்டிவேர் இவை செய்த குற்றம் என்ன? கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே இவற்றின் வேர்கள்தான். மண்டிப்போயிருந்தால் வேரை விட்டுவிட்டு அரிவாளால் அறுத்துக் கழித்தால் போதும். வயலிலிருந்து மழைநீரோடு வரும் மண்ணையும் உரத்தையும் இந்தப் புல்வரிசைதான் ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. விரால் குஞ்சு பொரித்துக் காவல் காப்பது இந்த ஓரப் புற்களுக்கிடையே. நீர்க்கோழி கூடு கட்டுவதும் அங்கேதான். செங்குத்தான கரையில் பொந்து தெரிந்தால் அது மீன்கொத்தியின் வீடாக இருக்கலாம், அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

பாம்பு அடையும் என்பார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கண்ணாடி விரியன் உள்ள ஊர் இது. மதகடி, படித்துறை, ஆள் நடக்கும் வரப்பு ஆகியவை சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். அதற்காகக் கால் படாத எதிர்க்கரையையும் ஏன் சுரண்ட வேண்டும்? வரப்பைக் குடைந்து உடைப்பெடுக்க வைக்கும் எலியைப் பிடிப்பது அங்கே திரியும் சாரைதான்.

இந்த ஆண்டு ஒரு கரை, அடுத்த ஆண்டு மறுகரை என்று வைத்துக்கொண்டால் மீனுக்கும் பறவைக்கும் ஒதுங்க இடமிருக்கும். வாரிய வண்டலைத் தென்னந்தோப்புக்கோ வயலுக்கோ உடனே அனுப்பிவிடுங்கள். மண் தெரியும் இடத்தில் மழைக்கு முன்பே வெட்டிவேர் நாற்றை நெருக்கமாக நடுங்கள்; புங்கனும் பூவரசும் கரையின் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். வண்டி வருவதற்கு முதல் நாளே கரையைச் சுற்றி நடந்து, தொடக் கூடாத புதர்களில் சிவப்புத் துணி கட்டி, ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.