சமாளித்தவர்கள் யார் என்று கேட்கிறேன்

இலங்கைத் தேயிலை ஏற்றுமதியைப் பேசிய அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "ஈரான் மீதான அமெரிக்கத் தடையை நமது தேயிலைத்துறை அழகாகச் சமாளித்தது" என்று அதில் ஒருவர் சொன்னாரே, அந்த ஒரு வரிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யார் சமாளித்தார்கள்?

ஈரானிடம் இலங்கை வாங்கிய மசகு (கச்சா) எண்ணெய்க்குப் பணம் அனுப்ப முடியாமல் தடை மறித்ததில் 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடன் நின்றது. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அதைக் கழிப்பதாக 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாயில் பணம், அங்கே ஈரானில் நமது கடனில் கழிவு. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கா தடையை மீண்டும் போட்டது 2018 இல். இந்தத் திட்டத்தில் தேயிலை கப்பலேறத் தொடங்கியது 2023 இல். நடுவில் போன வருடங்களை யார் சுமந்தார்கள்?

ஈரான் விரும்பி வாங்குவது தாழ்நிலத் தேயிலை. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறு தோட்டங்களின் கொழுந்து. விற்பனைப் பெறுமதியில் 68 சதவீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 சதவீதம் ஆலைக்கு என்பது சூத்திரம். கேட்க நன்றாக இருக்கும். கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால், பின்னாலேயே கொழுந்து விலையும் விழும். ஏற்றுமதியாளர் ஈராக்கைத் தேடலாம், ரஷ்யாவைத் தேடலாம், சரக்கைக் களஞ்சியத்தில் வைத்துக் காத்திருக்கலாம். கொழுந்து பறித்த அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் அத்தை இரத்தினபுரிப் பக்கம் ஒரு சிறு தோட்டக்காரரிடம் கிலோக் கணக்கில் பறித்தவர். அந்த மாத்தயா (சிங்களத்தில் ஐயா) கெட்டவர் இல்லை. 2018 கடைசியில் "ஈரானுக்குப் போகவில்லையாம், விலை இல்லை" என்று பறிகூலியைக் குறைத்தார், உரம் போடுவதையும் நிறுத்தினார். கொழுந்து லொறிக்காரர் சாக்கைத் தராசில் தொங்கவிட்டு ஈரத்துக்கென்று சில கிலோ கழிப்பது வழக்கம். அந்த நாட்களில் நல்ல வெயிலிலும் கழித்தார்கள். "மழையே இல்லையே தம்பி, ஈரம் எங்கேயிருந்து வந்தது?" என்று அத்தை என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்வது? ஈரான் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால் கூலி குறையும் என்பது மட்டும் தெரியும்.

தடை போட்ட அமெரிக்காவை விட்டுவிட்டு உள்ளூர்க்காரனைத் திட்டுகிறாயே என்பீர்கள். அமெரிக்காவையும்தான் சொல்கிறேன். ஆனால் வாஷிங்டன் என் அத்தையின் தராசைத் தொடவில்லை. தேயிலையைக் கொடுத்துக் கடனைக் கழிக்கும் அந்தப் பண்டமாற்று இல்லாவிட்டால் சந்தையே கைவிட்டுப் போயிருக்கும் என்பவர்களுக்கு: சரி, போயிருக்கலாம். அதற்காக, குறைந்த கூலியைச் சுமந்து சந்தையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாதா?

"மலையகத்தான் எதைப் பேசினாலும் சம்பளத்தில் வந்து நிற்பான்" என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். ஆமாம், தோட்டத்து மலையகத் தமிழன்தான், நிற்பேன். சம்பளம் கேட்ட போதெல்லாம் சந்தை இல்லை, வாங்குபவன் இல்லை என்றீர்கள். 2022 இல் ரூபாய் சரிந்து ஏல விலை இரு மடங்கானது. சிறு தோட்டக்காரருக்குக் கிடைத்த மிச்சத்தை உரவிலை தின்றது. பெருந்தோட்டத் தொழிலாளிக்கு 2021 இல் வந்த 1000 ரூபாய் நாட்கூலி 2024 வரை அப்படியே நின்றது. அரிசி அப்படி நின்றதா? மண்ணெண்ணெய் நின்றதா? விலை விழுந்தால் எங்களுக்குப் பங்கு உண்டு, ஏறினால் இல்லை. இதற்குத்தான் அழகாகச் சமாளித்தோம் என்று பெயர் வைக்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது.

2025 செப்டெம்பரில் ஐ.நா. தடைகளும் ஈரான் மீது திரும்பிவிட்டன. மறுபடியும் ஏதாவது ஏற்பாடு பேசுவார்கள். பேசுங்கள். அந்த ஒப்பந்தத்திலேயே கொழுந்துக்கு இதற்குக் கீழே போகாது என்று ஒரு விலையை எழுதுங்கள். பறிகூலிக்கும் சேர்த்து எழுதுங்கள்.