குழாயடியில் சந்திக்கும் இரண்டு துறைகள்

எம்.ஏ. மொழியியல், முதல் வாரம். பேராசிரியர் கரும்பலகையில் 'அவர்கள் வருகிறார்கள்' என்று எழுதிவிட்டு, வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வர்றாங்க, வருதாங்க, வாராவ... சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார். என் முறை வந்தது. 'வருகிறார்கள்' என்றேன்.

"ஆச்சிகிட்டயும் இப்படித்தான் பேசுவியாம்மா?"

வகுப்பே சிரித்தது. "வாராக சார்" என்றேன், பாதிக் குரலில். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதையும் எழுதி, கடைசியில் இருந்த 'க'வுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அன்றைய வகுப்பு முழுக்க அந்த 'க' பற்றித்தான். 'கள்' தேய்ந்து 'க' ஆகிறது, இன்னும் தேய்ந்தால் பக்கத்து பெஞ்சுக்காரனின் 'வ' ஆகிறது. மகன் 'மவன்' ஆகிற அதே வழி. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகச் சிவப்பு மை வாங்கிய என் பேச்சுக்கு ஒரு விதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வீட்டுப் பேச்சும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அது அரசுப் பல்கலைக்கழகம், எங்களால் கட்ட முடிந்த கட்டணம். மொழியியல் படிக்க அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

இதுவரை பெருமை. இனி புலம்பல்.

எங்கள் வராந்தாவின் ஒரு முனையில் மொழியியல் துறை, மறுமுனையில் இலக்கியத் துறை. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். இரண்டு துறையும் முகம் பார்த்துக்கொள்வது அங்கே மட்டும்தான். நாங்கள் 'ராமன் பழத்தைச் சாப்பிட்டான்' என்ற ஒரே வாக்கியத்துக்கு, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று மரம்போலப் பிரித்துக் காட்டும் கிளைப்படத்தை இரண்டு வருடம் வரைந்தோம் (அந்த ராமனுக்கு இந்நேரம் வயிறு கெட்டிருக்கும்). அவர்கள் எதுகை, மோனை, உவமை என்று தலைப்புப் போட்டு நயம் பாராட்டினார்கள். எந்தக் கவிதைக்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட நயம்.

விருப்பப் பாடம் என்ற பெயரில் ஒரு செமஸ்டர் அந்த முனைக்குப் போய் உட்கார்ந்தேன். குறுந்தொகை 40ஆம் பாட்டு. செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல இரண்டு நெஞ்சம் கலந்தன என்று சொல்லும் 'செம்புலப் பெயல்நீர்' உவமையிலேயே வகுப்பு நின்றுவிட்டது. தப்பில்லை, கவிஞருக்குப் பெயரே அந்த உவமையால் வந்ததுதான். எனக்குக் கண் போனது முதல் வரியில்: யாயும் ஞாயும். யாய் என்றால் என் தாய். ஞாய், உன் தாய். தாய் என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தாய். இரண்டாம் வரியில் 'எந்தையும் நுந்தையும்'; எந்தை, நுந்தை, தந்தையும் அதே வரிசை. கம்பனில் வரும் எம்பி (என் தம்பி), உம்பி (உன் தம்பி) எல்லாம் இந்தக் குடும்பம்தான். யாருடைய உறவு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்கு 'என் தந்தை' என்கிறோமே, பழைய கணக்குப்படி அது 'என் அவனுடைய அப்பா'!

ஆக, முதல் இரண்டு வரியிலும் சொல்லுக்குள்ளேயே வேலி. உன் ஆட்கள் வேறு, என் ஆட்கள் வேறு. மூன்றாவது வரி 'யானும் நீயும்' என்று இரண்டு ஒருமையாகத் தொடங்கி, 'அறிதும்' என்று முடிகிறது. அது தன்மைப் பன்மை வினை. 'நாம்' என்ற சொல்லே வராமல் இருவரும் நாம் ஆகிவிட்டார்கள். மழை விழுவதற்கு ஒரு வரி முன்னாலேயே இலக்கணம் கலந்துவிட்டது. கடைசி வரியில் 'நெஞ்சம்' என்ற சொல் ஒன்றா இரண்டா என்று காட்டாது. 'தாம் கலந்தன' என்ற வினைதான் காட்டிக்கொடுக்கிறது: பன்மை. கலந்த பிறகும் இரண்டு நெஞ்சம்தான்!

வகுப்பில் இதைச் சொன்னதும் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தபோது, திருத்தியவர் 'இது இலக்கணம், இலக்கியம் அன்று' என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கோபமும் இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் இது பழைய சண்டை. 1958இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன், கவிதைக்குக் காது கொடுக்காத மொழியியலாளரும் மொழியியலைக் கண்டுகொள்ளாத இலக்கிய ஆய்வாளரும் ஒரே மாதிரி காலாவதியானவர்கள் என்று சொல்லிவிட்டார். அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். அங்கேயே 1963இல் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன். ஆய்வு கன்னட இலக்கணத்தில். 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். தமிழ்த் தொடர் இடப்பக்கம் கிளைக்கும், அதாவது விளக்கும் சொற்கள் பெரும்பாலும் முன்னால் வரும்; ஆங்கிலம் வலப்பக்கம் கிளைக்கும், பெரும்பாலும் பின்னால் வரும், அதனால் வரிகளை எப்படி அடுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர். கிளைப்படம் வரைந்து பழகிய கைக்குத்தான் அந்தக் கவலை வரும்.

இந்த வருடம் இரண்டில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் சரி, உங்கள் டைம்டேபிளை போட்டோ எடுக்கும்போது வராந்தாவின் அந்த முனை வரை நடந்து அவர்களுடையதையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். விருப்பப் பாடத்துக்குக் கையெழுத்துப் போட இரண்டு துறைத் தலைவர்களும் யோசிப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் யாரும் சீட்டில் இருக்கமாட்டார்கள்.