லைன்மேனைத் திட்டுவதற்கு முன்

கல்லூரி ஃபுட்பாலில் (அமெரிக்கன் ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன், ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவது) ஒரு டீம் தோற்றால் யாருக்கெல்லாம் திட்டு விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் கோச். அப்புறம் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக். அதிலும் ஆத்திரம் அடங்கவில்லை என்றால், குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கிற அஃபென்சிவ் லைனில் யாராவது ஒருவர். கோச்சைத் திட்டும்போது 'தப்பான முடிவு எடுத்துவிட்டான்' என்பார்கள். குவார்ட்டர்பேக்கை 'பதற்றத்தில் எறிந்துவிட்டான்' என்பார்கள். லைன்மேனுக்கு மட்டும் நேராகக் குணத்தின் மேலேயே கை வைப்பார்கள்: 'இவன் உழைக்கிறதே இல்லை. ஆடவே இவனுக்கு மனசில்லை.'

2025 ஆகஸ்ட் 30 அன்று டலஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் அலபாமா 31-17 என்று தோற்றது. அந்த வாரம் ரசிகர்கள் வாயில் அகப்பட்டவர் கேடின் புராக்டர். அலபாமாவின் லெஃப்ட் டேக்கிள், அதாவது லைனின் இடது ஓரத்தில் நிற்பவர். ஆறடி ஏழங்குலம், டீம் பட்டியல்படி 366 பவுண்ட், அதாவது 166 கிலோ. என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீகின் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று சீசனுக்கு முன்பே பலர் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ஆட்டம் சரியில்லை, அதை யாரும் மறுக்க முடியாது. உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சிக்கு அவர் சோம்பேறி: உடம்பைக் குறைக்கவில்லை, டிராஃப்ட் வரும்வரை நாளை ஓட்டுகிறான். இன்னொரு கட்சிக்குப் பையன் மேல் குற்றமில்லை, இடம்தான் தப்பு: டேக்கிளாக நிறுத்தாமல் உள்ளே கார்டாகப் போடுங்கள்.

இரண்டாவது கட்சியோடு எனக்குப் பாதி சம்மதம். முதல் கட்சியோடு சண்டை.

லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். மொத்தம் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தருவதோடு சரி, மற்றபடி இந்த ஐவரின் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். பந்தை எறியும் நகர்வு என்றால் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று விநாடி வாங்கித் தர வேண்டும். எதிராளி முன்னோக்கி ஓடி வருவான், இவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவனை மறிக்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், பத்து கஜம் பின்னால் போக வேண்டும். பந்து நகரும் முன் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து கஜம். அறுபது தடவை சரியாகச் செய்தால் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அறுபத்தோராவது தடவை ஒருவன் தாண்டிப் போய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால், அதை டிவியில் மெதுவாக ஓட்டி மூன்று கோணத்தில் காட்டுவார்கள்.

இதில் கார்டும் டேக்கிளும் வேறு வேறு வேலை. கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் துணை உண்டு. எதிரே நிற்பவன் முந்நூறு பவுண்டுக்கு மேல் இருப்பான், முட்டினால் முட்டிய இடத்திலேயே தாங்க வேண்டும். டேக்கிளுக்கு வெளிப்பக்கம் பெரும்பாலும் யாருமில்லை. எதிரே வருகிற எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவன்) 250, 260 பவுண்ட்தான், ஆனால் குறுந்தூர ஓட்டக்காரன் மாதிரி வருவான். வெளியே வளைந்து வரப் போகிறானா, சட்டென்று உள்ளே திரும்பப் போகிறானா என்பது இரண்டாவது அடியில்தான் தெரியும். வெளியே தடுக்க ஒரு அடி கூடுதலாக நகர்ந்தால் உள்ளே கதவு திறந்துவிடும். உள்ளே பயந்து நின்றால் வெளியே போய்விடுவான்.

இடது பக்கம், வலது பக்கம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. லெஃப்ட் டேக்கிள் இடது காலைப் பின்னால் வைத்து, அந்தக் காலால் முதல் அடி எடுத்துப் பின்வாங்குவார். வலது பக்கம் மாற்றினால் கால், இடுப்பு, எந்தக் கையை முதலில் வீசுவது என்பது முழுக்கத் தலைகீழ். வலது கையால் எழுதிப் பழகியவரிடம் பேனாவை இடது கையில் கொடுத்து, நேரக் கணக்கு வைத்துப் பரீட்சை எழுதச் சொல்வது போல. எழுத்து கோணலாகத்தான் வரும். அதைப் பார்த்து 'இவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

சரி, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன தெரிகிறது? கேமரா பந்தின் பின்னால் போகிறது. லைனில் நடப்பது ஓரக்கண்ணில் படுவதுதான். ஒரு எதிராளி டேக்கிளைத் தொடக்கூட இல்லாமல் ஓரமாக ஓடிப் போய்க் குவார்ட்டர்பேக்கை விழுத்துகிறான், டேக்கிள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கத்துகிறோம்: 'பார், நிற்கிறான் மரம் மாதிரி!' ஆனால் அந்த நகர்வில் லைன் மொத்தமும் உள்ளே ஒரு ஆள் தள்ளிக் காக்கும்படி சொல்லப்பட்டிருக்கலாம். ஓரத்து ஆள் ரன்னிங் பேக்கின் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) பொறுப்பாக இருந்திருக்கலாம். அவர் தவறவிட்டிருக்கலாம். அல்லது குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் மாற்றிச் சொன்னது ஓரத்தில் இருப்பவர் காதில் விழாமல் போயிருக்கலாம், எண்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில் அது சாதாரணம். எது நடந்தது என்று தெரிய அந்த நகர்வுக்கு என்ன திட்டம் சொல்லப்பட்டது என்று தெரிய வேண்டும். அது நமக்குத் தெரியாது. அடுத்த நாள் வீடியோ அறையில் உட்காருகிற கோச்சுக்குத் தெரியும். மேலே இருந்து இருபத்திரண்டு பேரையும் காட்டுகிற வீடியோவை ஓட்டி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுவார். விசில் ஊதும் முன்பே ஓட்டத்தை நிறுத்தியவர் யார் என்று அங்கே தனியாகக் குறித்து வைப்பார்கள். முயற்சி அளக்கப்படும் இடம் அதுதான், நம் சோபா இல்லை.

சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) கணக்கிலும் இந்த அநியாயம் உண்டு. 2023இல் முதல் வருட மாணவராக, அலபாமாவின் லெஃப்ட் டேக்கிளாக இறங்கியவர் இதே புராக்டர். அந்த வருடம் அலபாமா டீமே சாக்குகளை வாங்கிக் குவித்தது. அதில் டேக்கிள் தோற்றது எத்தனை, குவார்ட்டர்பேக் பந்தை எறியாமல் அதிக நேரம் கையில் வைத்திருந்தது எத்தனை என்று பிரித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? எதிர்த்து வருகிறவர்களோ அடுத்த வருடம் என்.எஃப்.எல்லுக்குப் போகிறவர்கள்.

நான் இருப்பது ஒஹாயோவில். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் தேசியக் கொடியோடு ஒஹாயோ ஸ்டேட் கொடியையும் ஏற்றி வைத்திருப்பார்கள், அதனால் இந்த வாதங்களிலிருந்து தப்பவே முடியாது. 2024 சீசன் எனக்கு இதில் நல்ல பாடம். அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் ஆரிகனிடம் 32-31 என்று தோற்ற ஆட்டத்தில் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் போய் சீசனே முடிந்தது. அடுத்து நெப்ராஸ்காவோடு மாற்று ஆளை நிறுத்தி, திணறித் திணறி 21-17 என்று ஜெயித்தார்கள். அதற்கடுத்த வாரம் பென் ஸ்டேட். அவர்கள் பக்கம் எட்ஜில் அப்துல் கார்ட்டர், பிறகு டிராஃப்டில் மூன்றாவது ஆளாகப் போனவர். அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் டானவன் ஜாக்சன். கல்லூரியில் அதுவரை லெஃப்ட் கார்டாகவே பெயர் வாங்கியவர். ஒரு வாரப் பயிற்சியில் ஓரத்துக்குப் போனார்.

பாடுதான் பட்டார். கார்ட்டர் அவரைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அன்று மத்தியானம் இங்கே கேட்ட வசனம் எல்லாம் தெரிந்த வசனம்தான்: கார்டை டேக்கிளாக்கியது பைத்தியக்காரத்தனம், அவன் கால் நகரவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டான். ஆனால் அதே ஆட்டத்தில் 20-13 என்று முன்னால் இருந்தபோது, கடைசி ஐந்து நிமிடத்தையும் பந்தை ஒரு தடவைகூட எறியாமல் ஓடி ஓடியே கரைத்து ஆட்டத்தை முடித்தார்கள். லட்சம் பேருக்கு மேல் எதிராகக் கத்திக்கொண்டிருந்த மைதானத்தில், அந்த ஓட்டங்களுக்கு வழி விட்டதும் ஒட்டுப்போட்ட அதே லைன்தான். விட்டுக்கொடுத்தவன் செய்கிற வேலையா அது?

அப்புறம் நவம்பரில் சென்டர் செத் மெக்லாக்லினுக்குப் பயிற்சியில் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. கார்டாக ஆடிக்கொண்டிருந்த கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்கு நகர்ந்தார். இந்த ஹின்ஸ்மன் யார்? 2023 முழுக்க சென்டராக ஆடி, சீசன் கடைசியில் மிசௌரியோடு நடந்த காட்டன் பவுலில் வெளியே உட்கார வைக்கப்பட்டவர். 'இவன் லாயக்கில்லை' என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றபோது லைன் மொத்தத்துக்கும் மறுபடி அர்ச்சனை நடந்தது. அந்தத் தோல்வி எனக்கே இரண்டு நாள் சோறு இறங்காத தோல்வி, ஆகவே கோபம் புரிகிறது. ஆனால் பிளேஆஃபில் டென்னசியை 42-17, ஆரிகனை 41-21, டெக்ஸாஸை 28-14, கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பை வாங்கியபோது, லெஃப்ட் டேக்கிளில் நின்றவர் ஜாக்சன், சென்டரில் நின்றவர் ஹின்ஸ்மன். பென் ஸ்டேட்டுக்கும் ஜனவரிக்கும் நடுவில் ஜாக்சனுக்குத் திடீரென்று உழைக்கும் எண்ணம் வந்துவிடவில்லை. இடம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

மெக்லாக்லின் கதை இன்னும் காரம். அவர் ஒஹாயோவுக்கு வந்ததே அலபாமாவிலிருந்து. 2024 ஜனவரி 1, ரோஸ் பவுல், அலபாமா மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்று தோற்றது. அன்று அவருடைய ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் தருவது) பல தடவை தரையோடு போனது. கடைசி நகர்விலும் தாழ்வாகத்தான் வந்தது, குவார்ட்டர்பேக் ஓடி அடைபட்டார், சீசன் முடிந்தது. அதற்குப் பிறகு அவர்மேல் பொழிந்த வசையை இங்கே எழுத விருப்பமில்லை. அதே வருடம் டிசம்பரில் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கினார். வேறு ஊர், வேறு கோச், வேறு குவார்ட்டர்பேக். ஆள் அதே ஆள்.

'இப்போது காசு வாங்குகிறார்களே, கேட்க உரிமை இல்லையா?' என்பார்கள். உண்மைதான். 2025 ஜூலை 1 முதல் ஒரு கல்லூரி முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகத் தன் விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. ஸ்பான்சர் பணம் தனி. காசு வாங்குகிறவரின் ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் காசு கொடுத்ததால் நமக்கு வீடியோ அறையின் சாவி கிடைத்துவிடவில்லை.

சோம்பேறிக் கட்சி சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு, அதை ஒளிக்க மாட்டேன். அது எடை. ஆகஸ்ட் மாத ஃப்ளோரிடா வெயிலில் 166 கிலோவைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நகர்வது லேசு இல்லை. களைத்த லைன்மேன் முதலில் முதுகை நிமிர்த்திவிடுவார், அப்புறம் கால் நிற்கும், அப்புறம் கை மட்டும் நீளும். பார்க்கிறவருக்கு அது மனசில்லாத ஆட்டமாகத் தெரியும். உடம்பைத் தயாராக வைத்திருப்பது ஆட்டக்காரரின் வேலை, அவருக்கு எடை நிர்ணயித்துக் கொடுக்கிற பயிற்சியாளரின் வேலையும்கூட. இதைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். 'மூன்றாவது குவார்ட்டரில் ஏன் களைத்தான்?' என்று கேட்டால் பதில் தேடலாம். 'இவனுக்கு அக்கறை இல்லை' என்றால் எதைத் தேடுவது?

இடம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற இரண்டாவது கட்சியிலும் பாதிதான் சேருவேன் என்றேனே, அதற்குக் காரணம் ஈவன் நீல் என்ற ஆட்டக்காரர். அலபாமாவில் ஒரு வருடம் லெஃப்ட் கார்டு, அடுத்த வருடம் ரைட் டேக்கிள், அதற்கடுத்த வருடம் லெஃப்ட் டேக்கிள், மூன்றிலும் ஆடியவர். 2022 டிராஃப்டில் ஏழாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்து, ரைட் டேக்கிளில் நிறுத்தியது. ஒட்டவே இல்லை. கடைசியில் கார்டாக மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. நடுவில் ஒருமுறை கூச்சல் போட்ட ரசிகர்களைப் பற்றி எகத்தாளமாகப் பேசிவிட்டு மன்னிப்பும் கேட்டார். கார்டு என்பது தோற்ற டேக்கிள்களை அனுப்பி வைக்கிற ஓய்வுக்கூடம் இல்லை. அதுவும் தனியாகக் கற்க வேண்டிய வேலை. ஜாக்சனை மின்னசோட்டா வைக்கிங்ஸ் முதல் சுற்றில் 24ஆவதாக எடுத்து மறுபடி லெஃப்ட் கார்டில் நிறுத்தியது என்றால், அவர் டேக்கிளில் தோற்றதால் இல்லை.

புராக்டர் விஷயத்தில் என் கட்சி இதுதான்: கல்லூரியில் அவரை லெஃப்ட் டேக்கிளிலேயே வைத்திருந்தது சரி. சீசன் நடுவில் இடம் மாற்றினால் ஒரு ஓட்டை இரண்டு ஓட்டையாகும். அவர் கார்டு கற்க வேண்டும், இன்னொருவர் டேக்கிள் கற்க வேண்டும். டலஹாசிக்கு நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று அலபாமா ஏதென்ஸுக்குப் போய் ஜார்ஜியாவை அவர்கள் மண்ணிலேயே 24-21 என்று சாய்த்தது. ஜார்ஜியா தொடர்ந்து 33 ஆட்டம் தோற்காத மைதானம் அது. அன்று அந்த 166 கிலோ மனிதருக்கே ஒரு பாஸ் எறிந்தார்கள், பிடித்துக்கொண்டு 11 கஜம் ஓடினார். அந்தத் துண்டு வீடியோவை எல்லோரும் பார்த்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள், ஒரு மாதம் முன்பு சோம்பேறி என்றவர்களும் சேர்த்து. என்.எஃப்.எல்லில் அவர் டேக்கிளா, கார்டா என்பது தனிச் சண்டை. 'கார்டு' என்று வாதாட வருகிறவர்களிடம் நான் அவ்வளவாக மல்லுக்கட்ட மாட்டேன். மற்றபடி பின்னூட்டத்தில் என்னோடு மோத நினைப்பவர்கள், அந்த 11 கஜத்தை விட்டுவிட்டு, ஜார்ஜியா ஆட்டத்தின் மற்ற பாஸ் நகர்வுகளைப் பந்தைப் பார்க்காமல் இடது ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் பதில் எழுத முடியும், நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது.