சஃபையர் கண்ணாடியும் பற்பசை வைத்தியமும்

“விலை உயர்ந்த கைக்கடிகாரத்தில் கீறலே விழாது, விழுந்தாலும் பற்பசை தேய்த்தால் மறைந்துவிடும்” என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இரண்டு பாதியும் தவறு.

இத்தகைய கடிகாரங்களின் முகப்பை மூடும் சஃபையர் (செயற்கை நீலக்கல்) கண்ணாடியின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவுகோலில் 9. சாவியோ மணலோ அதைக் கீறாது. வைரமும் சிலிக்கன் கார்பைடு கலந்த உப்புத்தாளும் கீறும். ஓரத்தில் பலமாக இடித்தால் சில்லு தெறிக்கும். கடினமானது உடையாது என்று யார் சொன்னது? கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால், அது கண்ணாடியைவிட எளிதில் கீறுபடும்.

அந்தக் கடினம் கண்ணாடிக்கு மட்டுமே. உடற்பகுதியும் பட்டையும் பெரும்பாலும் எஃகு. தங்கமானால் இன்னும் மென்மை. காற்றிலுள்ள தூசியில் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமத்தின் துகள்கள் உண்டு, அவற்றின் கடினம் 7, எஃகைவிட அதிகம். மேசையில் உரசும் பட்டைக் கொக்கியில்தான் பெரும்பாலும் முதல் கோடு விழும்.

பற்பசை பழைய கடிகாரங்களின் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடியில் மெல்லிய கீறலை மழுப்பும். சஃபையரை அது தொடவே தொடாது. பளபளப்பான எஃகில் தேய்த்தால் புதிய கோடுகள்தான் மிஞ்சும். தொழில்முறை மெருகேற்றலும் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தே கீறலை மறைக்கிறது. அடிக்கடி செய்தால் கூரிய விளிம்புகள் மழுங்கும். சேகரிப்பாளர்கள் அதை விரும்புவதில்லை.

விற்கும் எண்ணமிருந்தால் கொக்கிக்கு மட்டும் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். அணிவதற்கே வாங்கியவர் கீறல்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து.