நாளைய இடிமழையை இன்றைக்கே எழுதித் தராதீர்கள்

ஜூன் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு வண்ணப்படம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. சென்னையின் மேல் சிவப்பும் ஊதாவுமாக ஒரு திட்டு, மேலே "நாளை மாலை சென்னையில் கொட்டப்போகிறது" என்று ஒரு வரி. மறுநாள் திருத்தணியில் கொட்டும், பூந்தமல்லியில் தூறும், மயிலாப்பூருக்குப் புழுக்கம்தான் மிச்சம். உடனே வானிலை சொல்கிற எல்லாருக்கும் சேர்த்துத் திட்டு விழும். இந்தப் படத்தைப் பகிர்வதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. வெப்பச்சலன மழையில், அதாவது நிலம் சூடாகி மேகம் எழும்பிப் பெய்யும் இடிமழையில், முந்தின நாள் சொல்ல முடிவது சூழலை மட்டும்தான். எந்த ஊர், எத்தனை மணி என்பதெல்லாம் அன்று பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் தெரியும்.

அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கணினி வானிலை மாடல்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கின்றன. ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலுடையது சுமார் 13 கி.மீ. ஓர் இடிமேகத்தின் மழைத்தூண் சில கி.மீ. அகலம்தான். கட்டத்தை விடச் சிறியதை மாடல் நேரடியாக வரையாது, சராசரியாக ஊகித்துப் போடும். அந்த ஊகத்தில் தெரிந்த குறை ஒன்று உண்டு: நிலம் சூடானதும் நண்பகலையொட்டியே மழையைக் கொட்டித் தீர்த்துவிடும். நிஜத்தில் ஜவ்வாது மலையிலும் சித்தூர் பக்கத்து மலைகளிலும் 2, 3 மணிக்குப் பிறக்கிற மேகம், தான் இறக்கிய குளிர்காற்றாலேயே அடுத்த மேகத்தைத் தூக்கி, அப்படியே சங்கிலியாகக் கிழக்கே நடந்து இரவு 7 முதல் 10 மணிக்குள் சென்னைக்கு வருகிறது. அந்தச் சங்கிலி பெரிய கட்ட மாடல்களில் பாதி வழியிலேயே அறுந்துவிடும். அதனால் மாடலில் மழை இல்லாத நாளில் நகரம் நனையும், மாடலில் ஊதா இருந்த நாளில் காயும்.

தென்மேற்குப் பருவத்தில் நுங்கம்பாக்கத்தின் சராசரி சுமார் 44 செ.மீ. அதில் பெரும்பகுதி இப்படி மாலையிலும் இரவிலும் வரும் இடிமழைதான். ஆகவே இது விளையாட்டாகக் கணிக்கிற விஷயமில்லை.

காலையில் முதலில் பார்க்க வேண்டியது மீனம்பாக்கத்தில் 5:30 மணிக்குப் பறக்கவிடும் பலூனின் தரவு. கேப் என்கிற மேலெழும் ஆற்றல் ஒரு கிலோ காற்றுக்கு 3000 ஜூல் அளவைத் தாண்டிவிட்டது என்று உடனே குதிக்கக் கூடாது. அது விடியற்காலைத் தரைக்காற்றை வைத்துப் போட்ட கணக்கு. பிற்பகலில் எதிர்பார்க்கும் வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை; அது ஏறினால் ஈரம் அதிகம்) இரண்டையும் போட்டு மறுபடி கணக்கிட வேண்டும். மேற்குக் காற்று உள்நாட்டு வறட்சியைக் கொண்டுவந்து பனிநிலையை 24-லிருந்து 19-க்கு இறக்கிவிட்டால் காலையில் கண்ட 3000 மாலையில் சில நூறாகிவிடும். தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில் மூடி போட்டதுபோல் ஒரு வெப்ப அடுக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். அக்னி நட்சத்திர நாட்களில் வானம் மூட்டம் போட்டும் மழை வராமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த மூடிதான் காரணம். மாலை 5:30 பலூனை வைத்து முடிவெடுப்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். அதற்குள் மீனம்பாக்கத்தில் கடல்காற்று புகுந்திருக்கும். அது காட்டுவது கடலோரக் காற்றை, வேலூரில் மேகம் உறிஞ்சும் காற்று வேறு.

அடுத்தது 3 முதல் 6 கி.மீ. உயரம் வரையிலான காற்று. மேகத்தை நகர்த்துவது அதுதான். வடமேற்கிலிருந்து 10, 15 நாட் (மணிக்குச் சுமார் 18 முதல் 28 கி.மீ.) வேகத்தில் வீசினால் சித்தூரில் பிறந்தது சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் வரும். தென்மேற்காக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டா, நெல்லூர் பக்கம் போய்விடும். கிழக்கிலிருந்து வீசினால் மேகம் கர்நாடக எல்லையைப் பார்த்துப் போகும், கடற்கரைக்கு அன்று ஒன்றுமில்லை. கேரளத்தில் பருவமழை வெளுத்து வாங்கும் நாட்களில் இங்கே மேற்குக் காற்று 25, 30 நாட் வேகத்தில் சீறும். பெரும்பாலும் வெயில் மட்டும்தான் ஏறும். பருவமழை இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கி இங்கே காற்று தணியும் நாட்கள்தான் நமக்கு வாய்ப்பானவை.

ஆனால் இந்த ஆட்டத்தைத் தீர்மானிப்பது கடல்காற்று. அது எத்தனை மணிக்கு நுழைந்தது என்ற ஒற்றைக் கேள்விக்கு மாடல் படத்தை விட அதிக மதிப்பு கொடுப்பேன். விமான நிலையத்தின் அரைமணி அறிக்கையைப் பாருங்கள். காற்றின் திசை 250 டிகிரியிலிருந்து 120, 130-க்குத் திரும்பி, பனிநிலை இரண்டு மூன்று டிகிரி ஏறி, வெப்பம் இறங்கினால் கடல்காற்று வந்துவிட்டது. காலை 11 மணிக்கே வந்துவிட்டால் மாலை 5 மணிக்குள் அதன் முகப்பு காஞ்சிபுரம் பக்கம் போயிருக்கும். மேற்கிலிருந்து வரும் மேகத்தின் குளிர்காற்றோடு மோதல் அங்கே நடக்கும். மேகம் அங்கேயே கொட்டிவிட்டு, கடல்காற்றால் குளிர்ந்து கிடக்கும் நகரத்தின் மேல் வரும்போது தீனி இல்லாமல் இளைத்துப்போகும். ரேடார் படத்தில் ஸ்ரீபெரும்புதூர் வரை சிவப்பாக வந்தது போரூரில் மஞ்சளாகி அடையாறில் காணாமல் போவது இப்படித்தான். மாறாக, மிதமான மேற்குக் காற்று தடுத்து வைத்து, கடல்காற்று 2 மணிக்கு மேல் நுழைந்தால் நிலம் 38, 39 டிகிரி வரை காய்ந்திருக்கும், முகப்பும் தாம்பரம், ஆவடி அளவில்தான் நிற்கும். மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அங்கே அதனோடு முட்டினால் கால் மணி, அரை மணி நேரத்தில் புது மேகம் நகரத்தின் தலைக்கு மேலேயே முளைக்கும்.

இதை மாடியிலிருந்தே பார்க்கலாம். கொடியில் காயும் துணி மாலை முழுக்க மேற்குப் பக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். மேற்கு வானம் கறுத்து வரும்போது ஆட்டம் நின்று துணி நேராகத் தொங்கும், ஐந்து பத்து நிமிடம் புழுங்கும். பிறகு மண்வாசனையோடு மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்து அதே துணியைக் கிழக்கே திருப்பிப் போடும். கால் மணி நேரத்தில் 35 டிகிரி 27 ஆகும். துணி திரும்பிய பிறகும் பத்து, பதினைந்து நிமிடத்தில் மழை வரவில்லையானால் குளிர்காற்று மேகத்தை விட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிட்டது என்று பொருள். அதன் பின் மழை வந்தாலும் தூறல்தான்.

ரேடாரில் செய்யும் தவறுகளைச் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுக ரேடாரின் அதிகபட்சப் பிரதிபலிப்புப் படத்தைத்தான் எல்லாரும் பகிர்கிறோம். அது அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்தில் வலுவான எதிரொலி இருந்தாலும் காட்டும், எனவே வண்ணம் இருக்குமிடமெல்லாம் தரையில் மழை பெய்வதாக அர்த்தமில்லை. படத்தின் மேலும் பக்கமும் இருக்கும் உயரப் பட்டைகளையும் பாருங்கள். 45 டிபிஇசட்டுக்கு (எதிரொலியின் வலுவை அளக்கும் அலகு) மேற்பட்ட கரு உயரம் குறையாமல் அடுத்தடுத்த மூன்று படங்களில் நின்றால்தான் மேகம் உயிரோடு வருகிறது. வேலூர் தூரத்தில் ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றையே சுமார் 2 கி.மீ. உயரத்தில்தான் போகும். அங்கே தரையையொட்டி ஓடும் குளிர்காற்று அதன் கண்ணில் படாது. நகரத்தை நெருங்கிய பிறகுதான் மெல்லிய வில்கோடாகத் தெரியும். ஒரு கோடு மேற்கிலிருந்தும், கடல்காற்று முகப்பின் கோடு கிழக்கிலிருந்தும் வருவது தெரிந்தால் இரண்டும் சந்திக்கும் ஊரின் பெயரை அப்போது தைரியமாக எழுதுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் இன்னொரு பொறி. ஜூன் முதல் செப்டம்பர் வரை 14, 16 கி.மீ. உயரத்தில் பலத்த கிழக்குக் காற்று ஓடுகிறது. மேகம் கீழே சென்னையை நோக்கி வரும்போது அதன் தலை மேற்கே பெங்களூரு பக்கமாக விரியும். மேகம் பின்வாங்குகிறது என்று எழுதிவிடுகிறார்கள். நகர்வை ரேடாரில் மட்டுமே அளக்க வேண்டும்.

எல்லா ஜூன் மழையும் இந்தக் கணக்குக்குள் வராது. 2023 ஜூன் 19 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. பெய்தது. இரவில் தொடங்கி விடியும் வரை விடாமல் பெய்த மழை அது. மேலடுக்குச் சுழற்சி கடலோரம் இருக்கும் நாட்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

வானிலை மையம் "ஓரிரு இடங்களில்" என்று எழுதுவதைப் பலர் நழுவல் என்கிறார்கள், அது எனக்கு வருத்தம் தருகிறது. அதற்கு வரையறை உண்டு: பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை. வெப்பச்சலன மழைக்கு முந்தின நாள் எழுதக்கூடிய மிக நேர்மையான சொல் அது.

பதிவு எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முந்தின இரவு "சூழல் சாதகம், வடமேற்குக் காற்று, நாளை மாலை ரேடாரைப் பார்ப்போம்" என்று நிறுத்துங்கள். அன்று மாலை 4:30-க்கு இப்படி எழுதுங்கள்: "ராணிப்பேட்டை–சோளிங்கர் இடையே இடிமேக வரிசை. 25 கி.மீ. வேகம், கிழக்கு நோக்கி. கடல்காற்று 1:30-க்கு நுழைந்தது, முகப்பு பூந்தமல்லி அருகே. வலு குறையாவிட்டால் திருவள்ளூர் 6:30, ஆவடி 7:30, கடற்கரை 8:15 மணி வாக்கில். கடற்கரைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அடுத்த பதிவு 5:30-க்கு."