பட்டியலில் நாட்டின் பெயர் இருந்தால்
வெளிநாட்டு ஆராய்ச்சித் தொடர்புகளைக் கண்காணிக்கும் சட்டங்களைப் பற்றிய கட்டுரை, 'ஒளிக்க ஒன்றுமில்லாத ஆராய்ச்சியாளருக்கு இந்தச் சட்டங்களால் பாதிப்பில்லை' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் காங் சென், சீனத் தொடர்புகளை மறைத்ததாக 2021 ஜனவரியில் கைது செய்யப்பட்டார்; சுமார் ஓராண்டு கழித்து அமெரிக்க அரசு வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஓராண்டை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? நமக்கும் இது புதிதல்ல. இங்கே சென்னையிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பல வருடங்கள் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றிருந்து, 2025 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. என் மகள் தரமணிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டம் செய்கிறாள். வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்ப வேண்டிய அவளுடைய மாதிரிகள், அவள் கையெழுத்தில் எண் ஒட்டிய பன்னிரண்டு சின்ன டப்பாக்கள், தெர்மாகோல் பெட்டிக்குள் நான்கு மாதம் அலமாரியிலேயே கிடந்தன. அந்த வெளிநாட்டுக் கூட்டாளியின் அலுவலகம் ஒரே படிவத்தை மூன்று முறை கேட்டது, காரணம் மட்டும் சொல்லவில்லை. எனக்கு முன் இங்கே கருத்து எழுதிய ஒருவர் 'அப்படியானால் சட்டமே வேண்டாமா?' என்று கேட்டிருக்கிறார். வேண்டும். சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியாவிலிருந்து 50,000 டாலரோ அதற்கு மேலோ பணம் வந்தால் பல்கலைக்கழகம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் 2022 சட்டம் கேட்பது நியாயம்தான். பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள், சரி. பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு மாணவியைச் சந்தேகப்படுவது வேறு விஷயம். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.